அடி எண்ணெய்

கனியக்கா போனில் அழைத்தபோது நான் ஜொகூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, ரொட்டி சானாய்க் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்கு எப்போதும் கிடையாது. "ஏலே சாமு, எண்ணெ கசக்குதுன்னு ரெண்டாவது லோடையும் திருப்பி விட்டாச்சு. வந்து ஒரு வாய் ருசி பாத்துட்டுப் போ" என்றாள். ஒரு வாய் எண்ணெய்க்காகக் கடல் தாண்டி வரச் சொல்கிறாயே என்று கேட்க வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டியபோது, "ஊர்ல யாருக்காவது முடியலையா?" என்று மனைவி கேட்டாள். "எண்ணெய்க்குத்தான் முடியலையாம்" என்றேன்.

ராஜகனி என்பது முழுப்பெயர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். இருவரும் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, விருதுநகருக்கு வெளியே இருந்த ஒரு ரீஃபைனரியின் லேபில் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பிறகு அவள் தங்கவேல் அண்ணாச்சியைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவருமாகச் சிவகாசி ரோட்டில் சொந்தமாகச் சின்ன ரீஃபைனரி ஒன்று போட்டார்கள். நான் மலேசியாவுக்குப் போய்ப் பாமாயில் கம்பெனியில் ஒண்டிக்கொண்டேன். போன வருடம் அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆர்டராகக் கழன்று, கடைசியில் சாத்தூர் சேவுக் கம்பெனி ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் மெஷினைக் கழற்றிவிட்டு, ஷெட்டைப் பட்டாசு அட்டைப்பெட்டி அடுக்க வாடகைக்கு விட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தாள். பதினெட்டுப் பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

புதன்கிழமை காலை விருதுநகரில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் வற்றலும் மல்லியுமாக பஜார் நெடி ஏறி நாலு தும்மல் போட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "வெளியூரா இருக்கீக?" என்றார். "இந்த ஊர்தான், அண்ணாச்சி" என்றேன். "இந்த ஊர்க்காரவுக தும்ம மாட்டாகளே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. பெரியாஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவனை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ரீஃபைனரி வாசலில் அக்கா நின்றாள். தலை நன்றாக நரைத்திருந்தது. "மெலிஞ்சிட்டியே" என்பதற்குப் பதிலாக, "கை கழுவிட்டு லேபுக்கு வா" என்றாள்.

லேப் என்பது ஒரு மேஜை, இரண்டு அடுப்பு, ஒரு கண்ணாடி அலமாரி. திரும்பி வந்த லோடிலிருந்து எடுத்த எண்ணெயை பீக்கரில் வெதுவெதுப்பாக்கி, என் உள்ளங்கையில் அரைக் கரண்டி ஊற்றினாள். இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து மூக்கருகே குவித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை. பிறகு நாக்கில் விட்டுக்கொண்டேன். நல்ல ரீஃபைண்ட் எண்ணெய் என்றால் நாக்கில் எந்த ருசியும் நிற்கக் கூடாது. முதலில் நிற்கவில்லை. விழுங்கப் போகும் நேரத்தில் தொண்டையின் அடியில் ஒரு கசப்பு வந்தது. கூடவே பழைய கதவுக்கு வார்னிஷ் அடித்தாற்போல ஒரு வாடை.

"காறுதுக்கா."

"ம்" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கையை மோந்துகொண்டே நின்றபோது எனக்கு எங்கள் பழைய லேப் அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. மில்களிலிருந்து பச்சைக் கடலை எண்ணெய் டேங்கரில் வந்து இறங்கும். வறுத்த கடலையும் மண்ணும் கலந்த அந்த வாசத்தில் பசி எடுக்கும். முதலில் சுடுதண்ணீர் காட்டிப் பிசினைப் பிரிப்போம். அப்புறம் காஸ்டிக் சோடா. புளிப்பெல்லாம் சோப்பாகித் திரிந்து கீழே இறங்கும். அடுத்து வெளுப்பு மண் போட்டு நிறத்தை எடுப்போம். கடைசியாக, காற்றை உறிஞ்சிவிட்டு நீராவியை உள்ளே விட்டு வாசத்தை ஓட்டுவோம். ஊரெல்லாம் எண்ணெயில் வாசம் தேடுகிறது, நமக்கு மட்டும் வாசத்தை விரட்டச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று கனியக்கா சிரிப்பாள். சனிக்கிழமைகளில் சாம்பிள் எண்ணெயில், லேப் அடுப்பிலேயே உளுந்த வடை சுடுவோம். சூப்பர்வைசர் வந்து கண்டிப்பார். கண்டித்துவிட்டு இரண்டு தின்பார். அந்த ரீஃபைனரி இப்போது கல்யாண மண்டபமாகிவிட்டதாம். போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் மெஷின் மெஷினாக ஏறி இறங்கினேன். ஜொகூரில் நான் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, திரையில் ஓடும் எண்களைப் பார்க்கிறவன். அங்கே எண்ணெயைத் தொட்டு வருடக்கணக்காகிறது. இங்கே ஒரே நாளில் இரண்டு சட்டை பாழாயின. காஸ்டிக் அளவு சரி. மண் நல்ல மண். வாசம் எடுக்கிற பாத்திரத்தில் காற்றுக் கசிவு இருக்கும் என்று சோப்பு நுரை தடவித் தடவிப் பார்த்தேன்; ஒரு குமிழி வரவில்லை. அங்கிருந்து வெளியே வரும் எண்ணெயை நாக்கில் விட்டால் தண்ணீர் மாதிரி இருந்தது. அப்புறம் எங்கே கெடுகிறது?

டேங்குகள் முனியாண்டி பொறுப்பு. அறுபதை நெருங்கிய மனிதர். அண்ணாச்சி முதல் போல்ட் முடுக்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். இரண்டாம் நம்பர் டேங்கின் மேலே ஏறி, கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி எனக்குச் சாம்பிள் எடுத்துத் தந்தார். அதுவும் நன்றாகவே இருந்தது.

"பழைய எண்ணெ மேலேயே புதுசை விடறதுண்டா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன சார் இப்படிக் கேட்டுப்புட்டீக? நிறைஞ்சப்புறம்தான் புதுசு விடுவோம்."

இரண்டு டேங்குகள் இருக்கின்றன. ஒன்று நிறைந்ததும் மற்றதில் விடுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். டேங்க் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு லோடு போன தேதிக்கு எதிரேயும் 'டேங்க் 2 நிறைவு' என்று முனியாண்டியின் குண்டு குண்டான எழுத்து. லோடு போன கையோடு புதுச் சரக்கை நிரப்பிவிடுகிறார்கள், சுறுசுறுப்பான ஆட்கள்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

பாய்லரில் நின்ற சுதாம் எனக்கு டீ கொண்டுவந்தான். ஒடிசாக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும்; ஊரில் இரண்டு பெண் குழந்தைகள். வந்து மூன்று வருடமாகிறது. தமிழை இந்த ரீஃபைனரிக்குள்ளேயே பொறுக்கியவன் என்பது அவன் பேச்சில் தெரிந்தது. "சார், இங்கன குந்துங்க. அங்கன சூடு" என்றான். மெஷின் ஓயும் நேரத்தில் ஓரமாகப் போய் மனைவியோடு போனில் பேசுவான். பக்கத்தில் நின்ற வடக்கத்திக்காரர் ஒருவர் எனக்கு அதை மொழிபெயர்த்தார்: "முதலாளியம்மா வெளிநாட்டிலிருந்து எண்ணெய் டாக்டரை வரவழைத்திருக்கிறாள். இன்னும் நோய் தெரியவில்லை என்கிறான்."

டாக்டர் வெள்ளிக்கிழமை சாத்தூருக்குக் கிளம்பினார். சேவுக் கம்பெனியின் பாத்திரத்தில் குற்றம் இருக்கலாம் என்பது என் கடைசி நம்பிக்கை. பஸ் ஸ்டாண்டில் "சாத்தூர், சாத்தூர்" என்று கத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே ஒரே மஞ்சள் சேலைகள். ஆடி வெள்ளி என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. வண்டி சாத்தூருக்குள் நிற்காமல் நேராக இருக்கன்குடியில் போய்த்தான் நின்றது.

"ஸ்பெசல்னு போர்டு போட்டிருக்கே, பாக்கலியா?" என்றார் கண்டக்டர். பக்கத்தில் இருந்த அம்மாள், "மாரியாத்தா கூப்பிட்டிருக்கா, வந்துட்டீக. கும்பிட்டுப் போங்க" என்றார். "நான் வேதக்காரன்மா, சர்ச்சுக்குப் போறவன்" என்றேன். "அதனால என்ன, பொங்கச் சோறு திங்க மாட்டீகளா?" என்று மரத்தடியில் உட்காரவைத்து இலையில் வைத்துவிட்டார். நெய் மணக்க மணக்கத் தின்றேன். நாங்கள் வாசத்தை எடுத்து அனுப்பும் எண்ணெய்களையெல்லாம் நினைத்து அப்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு வேனில் தொற்றிக்கொண்டு சாத்தூர் திரும்பியபோது மணி இரண்டு. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண்ணிடம் வழி கேட்டு, கையில் இரண்டு பிஞ்சோடு சேவுக் கம்பெனிக்குள் நுழைந்தேன். முதலாளி குருசாமி, என் வயதுக்காரர். தங்கவேல் அண்ணாச்சி பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார். பாத்திரங்களைக் காட்டினார், துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதிலும் எனக்குக் குற்றம் அகப்படவில்லை.

பிறகு இரண்டு தட்டுகளில் காராச்சேவு கொண்டுவரச் சொன்னார். இரண்டும் சுட்டு ஐந்து நாளானவை. ஒன்று வேறு கம்பெனி எண்ணெயில் போட்டது: பூண்டும் மிளகும் மொறுமொறுவென்று நாக்கில் நின்றன. இன்னொன்று, திருப்பி அனுப்புமுன் எடுத்து வைத்திருந்த அக்காவின் எண்ணெயில் போட்டுப் பார்த்தது. கடித்ததும் நன்றாகத்தான் இருந்தது. விழுங்கியபின் அதே வார்னிஷ்.

"என் கல்யாணத்துக்குச் சமையல் எண்ணெ இறக்குனதே தங்கவேல் அண்ணாச்சிதான்" என்றார் குருசாமி. "அதுக்காகக் கசக்குற சேவை விக்க முடியுங்களா? ஊர் பேரைச் சொல்லி வாங்கித் திங்கிறாக. மூணாவது லோடு ஒண்ணு வாங்குறேன். அதுல அஞ்சாம் நாள் கசந்துச்சுன்னா, அக்கா என்னைய மன்னிச்சுக்கிடணும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை அக்கா என்னைச் சிவகாசிக்கு அனுப்பினாள். டின்னில் ஒட்டும் லேபிள் அங்கே ஒரு அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அடிக்கட்டுமா நிறுத்தட்டுமா என்று அவர்கள் மூன்று முறை கேட்டுவிட்டார்களாம். "நீயே போய் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு. எனக்கு அவுக முகத்துல முழிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

சிவகாசியில் ரயில்வே கேட் போட்டு அரை மணி நேரம் நின்றோம். ஒருபுறம் காலண்டர் கட்டு ஏற்றிய வண்டி, மறுபுறம் பட்டாசுப் பெட்டி லாரி, நடுவில் எங்கள் ஷேர் ஆட்டோ. இரண்டு டிரைவர்கள் தீபாவளி சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த வருசம் மழை நின்னு பேஞ்சா காயவைக்க முடியாது." "பெய்யலைன்னா வெள்ளாமை இல்ல, வெடி வாங்க யாரு வருவா?" கேட் திறக்கும்வரை அவர்கள் மழையை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவில்லை.

அச்சகத்தில் மாதிரித் தாளை விரித்துக் காட்டினார்கள். லேபிளில் தங்கவேல் அண்ணாச்சி சிரித்தார். மீசை மட்டும் அவர் உயிரோடிருந்தபோது இல்லாத கருப்பு. "மையைக் குறைக்கட்டுமா சார்? கருப்பு கூடிப்போச்சுன்னு அக்கா சொன்னாக" என்று மெஷின்காரர் கேட்டார். அச்சகக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஷெட்டை விடப் போறாகளாமே, நெசமா?" என்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம், அக்கா கல்யாணமான புதிதில் அண்ணாச்சி எங்கள் லேபுக்கு வந்து கூச்சத்தோடு வடை தின்றது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மீசையில் எண்ணெய் ஒட்டியிருந்ததைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரீஃபைனரி ஓடவில்லை. ஐந்து நாளாகியும் ஒன்றும் கண்டுபிடிக்காத வெட்கத்தில், சாயங்காலம் சுதாமைக் கூட்டிக்கொண்டு எண்ணெய் புரோட்டா தின்னப் போனேன். விருதுநகருக்கு வந்து அதைத் தின்னாமல் போனால் ஊர் மன்னிக்காது. கல்லில் எண்ணெயைக் குளமாக நிறுத்தி, புரோட்டாவை அதில் போட்டுப் பொரித்தெடுத்து நொறுக்கிப் போடுவார்கள். மேலே சால்னா. மலேசியாவில் இருக்கும் டாக்டர் என் கொழுப்பு அளவைப் பார்த்துவிட்டு எதையெல்லாம் வேண்டாம் என்றாரோ, அதெல்லாம் ஒரே இலையில் இருந்தது.

சுதாமின் சால்னாக் கிண்ணம் காலியாகிவிட்டது. சப்ளையரிடம் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, நிறைஞ்சிருச்சு!" என்றான்.

"வயிறு நிறைஞ்சா நல்லதுதானே" என்று சொல்லி, சப்ளையர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாதி புரோட்டாவோடு சுதாம் திருதிருவென்று விழித்தான். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"நிறைஞ்சிருச்சுன்னா என்னன்னு நினைச்சே?"

"காலி, சார்" என்றான். "எங்க ஊர்லயும் காலின்னுதான் சொல்றது. வந்த முதல் மாசம் டேங்க் காலி, டேங்க் காலின்னு கத்துனேன். முனியாண்டி அண்ணன் வாய் மேல போட்டுக்கிட்டாரு. அப்படிச் சொல்லாதலே, நிறைஞ்சிருச்சுன்னு சொல்லுன்னாரு. தமிழ்ல காலிக்கு அதானே சார்?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அரிசிப்பானை தீர்ந்தால் 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்கிற வீடுகளுக்கு நடுவில்தான் நானும் வளர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எங்கள் வீட்டில் மட்டும் அந்த வழக்கம் கிடையாது. அம்மா நர்ஸ். தீர்ந்த மருந்தைத் தீர்ந்தது என்று சொல்லாவிட்டால் வார்டில் ஆள் போய்விடும் என்பாள். அக்கரையில் இத்தனை வருடம் இருந்ததில் அந்தப் பேச்சே எனக்கு மறந்துபோயிருந்தது. நோட்டில் முனியாண்டி எழுதியிருந்த 'நிறைவு' எல்லாம் காலி.

"சரி சுதாம், டேங்க் நிறைஞ்சிருச்சுன்னு எப்பத் தெரியும்?"

"குழாய்ல எண்ணெ வர்றது நின்னா."

"உள்ளே?"

எழுந்து நின்று முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். "உள்ளே இம்புட்டு இருக்கும். அதை எடுக்கக் கூடாது. கீழ ஒரு வால்வு இருக்கு, அண்ணாச்சி பூட்டுப் போட்டிருக்காரு. அது அடி எண்ணெ சார். சாமி எண்ணெ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பானையை வழித்துத் துடைத்து வைக்கக் கூடாது, அடியில் ஒரு பிடியாவது கிடக்க வேண்டும் என்கிற அதே வழக்கம். அண்ணாச்சி இருந்தபோது வாரம் இரண்டு லோடு போனது. எண்ணெய் டேங்கில் தங்க நேரமில்லை. இப்போது மாதம் இரண்டே லோடு; இரண்டாம் நம்பர் டேங்க் மட்டும்தான் புழக்கம். அடியில் கிடந்த பழைய எண்ணெய் வெயிலில் காறிக் காறி, மேலே வந்து விழும் புதுசையும் கெடுத்துக்கொண்டிருந்தது. முனியாண்டி மேலாக இறக்கி எடுத்த பாட்டிலில் அது எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அக்காவிடம் சொல்லப் போனேன். லேபில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் பூட்டு என்ற வார்த்தையைச் சொன்னதுமே மேஜை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்து வைத்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை என்பதைப் பார்த்து நான்தான் அதிர்ந்துபோனேன்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"எனக்குத் தெரியாதாக்கும்? நீ படிச்ச கெமிஸ்ட்ரிதானே நானும் படிச்சேன்." சாவியைத் தள்ளிக்கொண்டே பேசினாள். "மொத லோடு இறக்குன அன்னிக்கு அவுக போட்ட பூட்டு அது. இது நம்ம அடி எண்ணெ, கனி, நம்ம இருக்கிற வரைக்கும் இதை வழிக்கக் கூடாதுன்னாக. அப்ப வாரம் ரெண்டு லோடு, ஒண்ணும் தெரியல. இப்ப கெட்டுப்போச்சுன்னு மூணு மாசத்துக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சும் மேலாப்புல சாம்பிள் எடுத்து, நல்லாத்தான் இருக்குன்னு எழுதி வச்சேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"நான் திறந்தா, அவுக வச்சதை நானே கொட்டுன மாதிரி ஆயிரும்லே. நீ சொன்னா கெமிஸ்ட்ரி."

ஐந்து நாள் என்னைச் சோப்பு நுரை தடவவிட்டு, மாரியாத்தா கோயில் வரை அலையவிட்டவள் மேல் கோபப்படவேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. "சரி, நான்தான் சொல்றேன். திறக்கணும்" என்றேன்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. முனியாண்டி எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித் திறந்தார். வேலையாட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். வால்வைத் திருப்பியதும் முதலில் வண்டலாக, கருப்பாக, சிக்கு நாற்றத்தோடு வந்தது. பிறகு மெல்ல மெல்ல நிறம் தெளிந்து, தேன் நிறத்தில் கனமாக ஒழுகியது. கெட்ட எண்ணெயை வாங்கிக்கொள்ளும் சோப்புக் கம்பெனிக்காரர் கொண்டுவந்திருந்த பீப்பாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

கடைசிப் பீப்பாய் நிறையும் நேரத்தில் அக்கா ஒரு சொம்போடு வந்து குனிந்து பிடித்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோறேன். டேங்குக்குள்ள விடமாட்டேன், பயப்படாதே" என்றாள். நான் தலையாட்டினேன். சொம்பைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவள் நின்றாள். விரலை விட்டு, உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஆயிரம் முறை செய்திருப்பாள். திரும்பி வந்து சொம்பைப் பீப்பாயில் கவிழ்த்தாள்.

"காறுது" என்றாள். "இதுல அவுக இல்ல."

ஆள் நுழையும் மூடிகளை அன்றிரவு முழுக்கத் திறந்து போட்டு, மின்விசிறி வைத்துக் காற்று விட்டோம். செவ்வாய்க்கிழமை சுடுதண்ணீரும் சோடாவும் அடித்துக் கழுவினோம். உள்ளே இறங்கித் துடைக்கிறேன் என்று சுதாம் முன்வந்தான். ஜொகூரில் இதற்கு நாலு பேர் கையெழுத்துப் போட்டு, ஆபத்துக்கு ஓடிவர இரண்டு பேர் வெளியே நிற்பார்கள். நான் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முனையை முனியாண்டி கையில் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வெளியே வரச்சொல்லி உயிரை வாங்கினேன். பழைய வேட்டித் துணிகளால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தான். மதியம் கடந்து டார்ச்சை அடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் தமிழில் உள்ளிருந்து கத்தினான்:

"அக்கா! நிறைஞ்சிருச்சு!"

தகர டேங்க் முழுக்க அது மோதி மோதிக் கேட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்தபின்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. முனியாண்டி கயிற்றை விடாமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணாச்சி போன அன்றுகூட அவள் ஆட்கள் முன்னால் அழவில்லை என்று பிறகு சொன்னார்.

புதன்கிழமை புது எண்ணெயை விட்டோம். சாயங்காலம் டேங்கர் நிறைந்து சாத்தூருக்குப் போனது. அக்கா என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாள். ஒரு பையில் கொள்ளுத் துவையலும் கருப்பட்டியும் திணித்தாள். அஞ்சாம் நாள் என்ன ஆகும் என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எங்கள் பழைய லேபில் வடை கருகியதைப் பற்றிப் பேசினோம். "நீதானே அடுப்பைக் குறைக்க மறந்தே" என்றாள். "நீதான்" என்றேன். ரயில் நகரும்வரை அதைத் தீர்க்க முடியவில்லை.

ஜொகூருக்கு வந்து வழக்கம்போல் திரை முன்னால் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் போன் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. நானாகக் கூப்பிட எனக்குப் பயம். ஏழாம் நாள் ஷிப்டு முடிந்து வாசலுக்கு வந்தபோது அடித்தது.

"குருசாமி பேசுனாரு" என்றாள்.

"என்ன சொன்னாரு? கசக்குதாமா?"

"சேவைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அடுத்த லோடு எப்ப, நாளைக்கே அனுப்ப முடியுமான்னு கேட்டாரு."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீ என்ன சொன்னே?"

அந்தப் பக்கம் ஓடிய மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"ரெண்டு நாள் பொறுங்க, டேங்க் காலியா இருக்குன்னு சொன்னேன்லே" என்றாள்.